வெள்ளையடிக்க வந்த மாப்பிள்ளை

சத்தியம், சத்தியம், ஊர் கேட்கச் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் நாக்கில் புழு வைக்கட்டும், சாப்பிட உட்காரும்போதெல்லாம் விக்கல் எடுக்கட்டும், கடைசியில் என்னைத் தூக்க வருகிற நாலு பேரும் ஆளுக்கொரு திசையில் நடக்கட்டும். நம் வழக்கப்படி சூடத்தைக் கொளுத்தி அணைத்தே சத்தியம் செய்திருப்பேன். ஆனால் எரிகிற நெருப்பை அணைப்பதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று நினைக்கிற மனுஷர்களோடு குடியிருந்துவிட்டு வந்தவன் நான், அதனால் இதோ கொளுத்திவைத்திருக்கிறேன், எரியட்டும், நான் பொய் சொன்னால் அதுவே அணைந்துபோகட்டும்.

கோவில்பட்டிப் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த என்னை ஈரான் தேசத்து யஸ்த் நகரத்தில் புதிதாகக் கட்டிய நூல் மில்லுக்கு மெஷின் பூட்டக் கூட்டிப்போனார்கள். பாலைவனத்து ஊர். நம் கரிசல் வெயில் அந்த வெயிலைப் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும். நகரத்து இரைச்சல் ஒத்துக்கொள்ளாமல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒற்றை அறை பிடித்துத் தங்கினேன். கிராமத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், ஏன் என்று கடைசியில் தெரியும். பம்பாயில் பார்சிக்காரர்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவர்களுடைய பூட்டன் முப்பாட்டன் பிறந்த மண் அதுதான். அவர்கள் கப்பலேறிப் போனபோது ஏறாமல் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகுட்டிகள்தான் அந்தக் கிராமத்து ஜனங்கள். மண்சுவர் வீடுகள், மாதுளந்தோப்பு, கோயிலுக்குள் அணையாத நெருப்பு. ஓடுகிற தண்ணீரில் துப்பமாட்டார்கள், வாசல் நாய்க்கு ஒரு பிடி வைக்காமல் தாங்கள் சாப்பிட உட்காரமாட்டார்கள், என்னை 'ஓஸ்தா' என்று கூப்பிடுவார்கள். மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு வருஷத்தின் கடைசி ஐந்து நாள் செத்துப்போனவர்களின் நாள். வீட்டுக்கு வெள்ளையடித்து, செம்புத் தண்ணீரில் பச்சைக் கொத்து போட்டு, விளக்கேற்றி, 'சீரோக்' என்று ஒரு ரொட்டியை எண்ணெயில் பொரிப்பார்கள். செத்தவர்களுக்கு வாய் இல்லை, மூக்கு மட்டும்தான் மிச்சம், அந்த வாசனைக்குத்தான் அவர்கள் வீடு தேடி வருகிறார்கள் என்பது கணக்கு. ஐந்து நாளும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டு, கடைசி நாள் விடியலில் ஒவ்வொரு மொட்டைமாடியிலும் நெருப்பு மூட்டினால், அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஏறிப்போய்விடுவார்கள். முறையாக அழைக்கப்பட்ட விருந்தாளிக்கு உருவம் எதற்கு, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சங்கடம் பஞ்சாங்கத்தால் வந்தது. நம் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒரே திதியை இரண்டு நாளில் கொண்டுவந்து வைத்து, அப்பாவுக்கு எப்போது தர்ப்பணம் கொடுப்பது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டுமே, அதே சண்டை அங்கேயும் உண்டு. அவர்களுடைய பழைய பஞ்சாங்கத்தில் வருஷாவருஷம் ஒரு கால் நாள் கணக்கில் சேராமல் விட்டுப்போகும். அந்தக் கால் நாட்கள் எல்லாம் சேர்ந்து, சேர்ந்து, வசந்தத்தில் பிறக்கவேண்டிய புத்தாண்டு பின்னுக்கு நழுவி நழுவி நம் ஆடி மாதத்து வேகாத வெயிலில் வந்து பிறந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்து ஊரெல்லாம் எப்போதோ புதுப் பஞ்சாங்கத்துக்கு மாறிவிட்டிருக்க, இந்த ஒரு கிராமம் மட்டும் பிடிவாதமாக இருந்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்த வருஷம்தான் கோயில் பூசாரி தஸ்தூர் குதாரஹம் அஞ்சுமன் என்கிற ஊர்ச் சபையைக் கூட்டி, பேசிப் பேசி, தலைகளை ஆட்டவைத்து, புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டார். அதன்படி பங்குனியிலேயே வெள்ளையடித்தார்கள், சீரோக் பொரித்தார்கள், மொட்டைமாடியில் நெருப்பும் வைத்தார்கள். புகை ஏறிப்போனது. அந்தப் புகையோடு யாராவது போனார்களா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

என் எதிர்வீடு மொர்வாரீத்தினுடையது. முப்பத்தெட்டு வயசு, காதோரம் நரை. புருஷன் தீரந்தாஸ் நிலத்தடி வாய்க்கால் தோண்டுகிறவர்; ஏழு வருஷத்துக்கு முன்னால் மண் சரிந்து உள்ளேயே போய்விட்டார். அதற்குப் பிறகு படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார் கொஹரைக் கடைசிவரை கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டவளும் இவள்தான். அப்பா இல்லை, கூடப்பிறந்தவன் இல்லை. அவளைக் கட்டிக்கொள்ள நாம்தார் என்று ஒரு மாதுளந்தோப்புக்காரர் முன்வந்தார். நாற்பது வயசு, வாயைத் திறந்தால் இரண்டு சொல், மூன்றாவது சொல்லுக்கு வெட்கப்பட்டுத் தோப்புக்கு ஓடிவிடுவார். அவளும் வெகுகாலம் யோசித்துச் சரி என்றாள். புதுப் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆடியில் ஒரு நல்ல நாள் குறித்தார் தஸ்தூர். பழைய கணக்கில் அது செத்தவர்கள் வருகிற வாரம் என்று சொல்லக்கூடிய கிழவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. சொன்னால் கட்டுப்பெட்டி என்பார்களே என்று பல்லிடுக்கில் சிக்கிய முலாம்பழ விதையைத் துழாவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்காக மொர்வாரீத் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார்கள், செம்பில் பச்சைக் கொத்து வைத்தார்கள், முதல் ஈடு சீரோக் எண்ணெயில் விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், தெருமுனையில் நாய் வாலை ஆட்டியது.

நான் வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெரு நடுவில் ஒரு ஆள் வருகிறார், தோளில் மண், பின்னால் தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவி. என்னைப் பார்த்து நின்றார்.

"ஓஸ்தா புதுசா குடிவந்திருக்கீங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"எதிர்வீட்டுக்காரன். உள்ளே நுழையறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். இந்த வருஷம் ஏன் எங்களை யாரும் கூப்பிடலை?"

எனக்கென்ன தெரியும், வாயில் நுரையோடு தலையை ஆட்டினேன். பின்னாலிருந்த கிழவி, "இந்த ஆள்கிட்ட என்னடா பேச்சு, கூப்பிடாட்டி நேர்ல போய் நிக்கவேண்டியதுதானே" என்று தடியால் அவர் முதுகைத் தள்ளினாள். பத்திரிகை வைக்காத வீட்டுக்கு நேரிலேயே போய் நியாயம் கேட்கிற பெரியப்பாமார்களை நாம் பார்த்ததில்லையா, அந்த மாதிரி தெருவெல்லாம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவரவர் வீட்டுக் கதவை அவரவர் தட்டினார்கள், அவரவர் வீட்டுக்காரர்கள் வந்து திறந்து, "அடடா, வாங்க, வாங்க" என்று சொல்லி, ஒருவரையொருவர் பார்த்து, விரலை மடக்கிப் பழைய கணக்கைப் போட்டுப் பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை. விருந்தாளி வந்தபிறகு மயங்கி விழுந்தால் அடுப்பை யார் பார்ப்பது?

எதிர்வீட்டில்தான் இக்கட்டு. தீரந்தாஸ் முற்றத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பாதி வெளுத்த சுவர், பச்சைக் கொத்து, துடைத்துப் பளபளத்த, டீக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவார், எண்ணெய்ச் சட்டி. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"மொர்வாரீத் ஜான், நீ கூப்பிட மறந்துட்டேன்னு நெனச்சேனே. இம்புட்டும் எனக்காகவா?"

மொர்வாரீத் கரண்டியும் கையுமாக நின்றாள். செத்துப்போன அன்றைக்கு என்ன வயசோ அதே வயசில் புருஷன் நிற்கிறான், அவளைவிட இப்போது இளையவன். அந்தச் சமயம் பார்த்து நாம்தார் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"இது யாரு?" என்றார் தீரந்தாஸ்.

"வெள்ளையடிக்க வந்தவர்" என்றாள் மொர்வாரீத். சொன்னபிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

அன்று தொடங்கியது நாம்தாரின் தவம். பாதிச் சுவர் மீதி இருந்ததால் பொய்க்கும் பொருத்தமாகிப்போனது. அவர் அடிக்க, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தீரந்தாஸ் மேற்பார்வை பார்த்தார். "அந்த மூலையில படலை தம்பி", "இது மேடுபள்ளமா இருக்கே தம்பி", "காயட்டும், இன்னொரு பூச்சு போடு தம்பி". ஒரு சுவர் முடிந்தால் அடுத்தது, அடுத்தது முடிந்தால் மறுபடி முதல் சுவர். கல்யாண மாப்பிள்ளைக்குத் தலை, புருவம், மீசை எல்லாம் சுண்ணாம்பு. பறைமேளக்காரர்கள் கல்யாணத்துக்கென்று வந்து நின்றபோது மொர்வாரீத் அவர்களையும் பார்த்துக் கண்ணைக் காட்ட, "செத்தவங்களுக்கு மேளம் வாசிக்கறது புதுப் பஞ்சாங்கத்துல சேர்த்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர்களும் வாசித்தார்கள். பொண்ணுக்கு வைத்திருந்த பச்சைப் பட்டைக் கொஹர் கிழவி எடுத்து விரித்துப் பார்த்து, "எனக்கு எதுக்குடி இம்புட்டுப் பகட்டு" என்று தலையில் போட்டுக்கொண்டாள். ஊரே ஒரு வீட்டுக்காகப் பொய் சொன்னது. உண்மை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, கல்யாணத்தை நிறுத்தவும் யாருக்கும் மனசு வரவில்லை.

இதற்கிடையில் ஊர் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டது. செத்தவர்கள் குளிர்ச்சி. தொட்டால் மண்பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தார்கள். அந்த ஆடி வெயிலில், கூரைமேல் காற்றுப் பிடிக்கக் கட்டிய கூண்டு வழியாக அனல் இறங்குகிற மத்தியானத்தில், ஒரு கொள்ளுத்தாத்தா உட்கார்ந்திருக்கிற அறை மட்டும் குற்றாலம் மாதிரி இருந்தது என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பிள்ளைகள் அவர் மடியில் தூங்கின. பெண்கள் தயிர்ப்பானையைச் சின்ன மாமனார் பக்கத்தில் வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் முலாம்பழத்தைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்து, "உங்க பெரியம்மா காலடியில ஒரு நாழிகை வச்சுக்கிடட்டுமா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மாக்களுக்கும் பெருமைதான், உயிரோடு இருந்தபோது யார் அவர்களைத் தேடி வந்தார்கள்? நான்கூட ஒருநாள் என் சாப்பாட்டுத் தூக்கைக் கொஹர் கிழவி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். "ஓஸ்தா, உள்ளே என்ன?" என்றாள். "தயிர்சாதம்" என்றேன். மோந்துபார்த்துவிட்டு, "பாவம், உங்க ஊர்ல எல்லாரும் நோயாளியா?" என்றாள்.

நாலாம் நாள் தயிர் புளித்தது. முலாம்பழம் வெதுவெதுவென்று இருந்தது. மடியில் தூங்கிய பிள்ளைகள் வியர்த்து எழுந்து அழுதன.

தஸ்தூர் குதாரஹம் வீட்டிலும் ஒரு விருந்தாளி. அவருடைய அப்பா, அவருக்கு முன்னால் பூசாரியாக இருந்தவர். நாலு நாளாக மகன் மந்திரம் சொல்லும்போதெல்லாம் பின்னாலிருந்து திருத்திக்கொண்டிருந்தார். அவரைத் தொட்டுப்பார்த்த தஸ்தூருக்குக் கை சுட்டது.

"என்னப்பா இது?"

"என்னவா? நாளைக்கு விடியும்போது மாடியில நெருப்பு வேணும். அது இல்லாட்டி எங்களுக்குப் போற வழி தெரியாது. வெயில் ஏற ஏறத் தரையில தெளிச்ச தண்ணி மாதிரி ஆயிடுவோம். அப்புறம் அங்கேயும் இருக்கமாட்டோம், இங்கேயும் இருக்கமாட்டோம்."

"நெருப்பு பங்குனியிலேயே வச்சாச்சே. இப்ப மறுபடி வச்சா அன்னைக்கு வச்சது தப்புன்னு ஆயிடாதா? அஞ்சுமன்ல தீர்மானம் போட்டிருக்கோம்பா."

"உன் தீர்மானத்தைக் கொண்டா, அதையும் அடுப்புல வச்சு எரிச்சா வெளிச்சம் நல்லா வரும்" என்றார் அப்பா.

தஸ்தூர் நல்ல மனுஷன். ஒரு பகல் முழுக்கக் கோயில் வாசலில் உட்கார்ந்து தாடியை உருவினார். சாயந்தரம் எழுந்து வீடு வீடாகப் போய், "மாடியில கரப்பான் பூச்சி சேர்ந்துடுச்சாம், விடியக்காலையில எல்லாரும் கொஞ்சம் புகை போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கியது. எல்லார் வீட்டிலும் விறகு மாடிக்கு ஏறியது.

எதிர்வீட்டில் மட்டும் பாரம் இறங்கவில்லை. விடிவெள்ளி இருக்கும்போதே மாடியில் விறகு அடுக்கி, அக்கம்பக்கத்தாரும் ஏறி நின்றுகொண்டார்கள். நான் வேற்று ஜனம், பூசை நடக்கிற இடத்துக்கு ஏறுவது முறையில்லை என்று தெருவில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்; அதனால்தான் பேசியது ஒன்றுவிடாமல் காதில் விழுந்தது. மற்ற மாடிகளில் ஒவ்வொன்றாக நெருப்பு எழும்பியது.

"பத்தவைக்காதீங்க" என்றார் தீரந்தாஸ். "நான் போகலை."

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் மொர்வாரீத்.

"ஏழு வருஷம் கழிச்சும் சுவர் வெளுத்து, மேளம் வச்சு, அஞ்சு நாளா அடுப்பை அணைக்காம என்னைக் கவனிச்ச வீடு. இதைவிட்டு எப்படிப் போறது? இருந்துடறேன்."

"விடிஞ்சா நீங்க ஆவியாயிடுவீங்க!"

"ஆனா ஆயிட்டுப் போறேன். இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டே ஆகறேன்."

கிழக்கு வெளுக்கிறது. நாம்தாரின் மூச்சு கீழே எனக்குக் கேட்கிறது. சொன்னால் அவர் மனசு உடையும், சொல்லாவிட்டால் அவரே இருக்கமாட்டார். கடைசியில் மொர்வாரீத்தின் குரல் வந்தது, அடுப்படியில் நின்று நின்று கரகரத்துப்போன குரல்.

"சுவர் உங்களுக்காக வெளுக்கலை. மேளமும் உங்களுக்கில்லை. இவர் வெள்ளையடிக்க வந்தவர் இல்லை, என்னைக் கட்டிக்கப்போறவர். நீங்க வர்ற நாள்னு தெரியாம நாள் குறிச்சுட்டோம். உங்க முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியலை. அஞ்சு நாளா முடியலை. இப்ப சொல்லிட்டேன். தயவுபண்ணிப் போங்க. நீங்க இல்லாமப் போறதை நான் ரெண்டாவது தடவை பார்க்கமாட்டேன்."

மாடியில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தீரந்தாஸ், "சீரோக்ல ஏலக்காய் போட்டிருக்கே" என்றார்.

"என்னது?"

"எனக்கு ஏலக்காய் ஆகாது. உனக்கும் தெரியும். தெருமுனையில வரும்போதே மூக்குக்குத் தெரிஞ்சுபோச்சு, இது வேற யாருக்கோ பொரியுதுன்னு. செத்தவனுக்கு மூக்கைத் தவிர வேற என்ன இருக்கு?"

"அப்ப அஞ்சு நாளா இவரைப் போட்டு..."

"பொறுமைசாலியான்னு பார்க்கவேண்டாமா? உன்னோட குடும்பம் நடத்த அதானே வேணும்." மாடியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். "தம்பி, சுவர் முதல் நாளே நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இவ சொல்லாமலே என்னை அனுப்பிடுவாளோன்னுதான் பயம். பொய்யோட அனுப்பினா, அடுத்த வருஷம் நான் எந்த வீடுன்னு வந்து நிக்கறது?"

அப்போது கொஹர் கிழவி தடியைத் தட்டினாள். "எனக்கும்தான் தெரியும். நான் படுத்துக் கிடந்தப்ப பனிக்காலத்துல வாசல்ல விறகு போட்டுட்டு, கதவைக்கூடத் தட்டாம ஓடுவானே ஒருத்தன், அவன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? நல்லவன்தான். வாய்தான் இல்லை. இவளுக்கு இருக்கறது ரெண்டு பேருக்குப் போதும். ஆகவேண்டியதைப் பாருங்க, விடியுது!"

கல்யாணம் அங்கேயே, அப்போதே என்று ஆனது. அவர்கள் முறைப்படி பச்சைப் பட்டு மூடிய தட்டைப் பொண்ணு வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் மாப்பிள்ளையின் தலைக்குமேல் பிடிக்கவேண்டும். தட்டில் மாதுளை, கத்தரிக்கோல், முட்டை, இனிப்பு எல்லாம் இருக்கும். அப்பனும் அண்ணன் தம்பியும் இல்லாத பொண்ணுக்கு யார் பிடிப்பது என்று தஸ்தூர் தயங்கியபோது, "ஏன், நான் ஆம்பிளையாத் தெரியலையா?" என்று தாயின் தலையிலிருந்து பட்டை உருவித் தட்டின்மேல் போட்டுத் தீரந்தாஸே பிடித்தார். விறகு பற்றியது, போகிற வழி தெரிந்ததும் செத்தவர்களின் பழைய குளிர்ச்சி திரும்பி ஏணி வழியாகக் கீழே என்வரை இறங்கியது. தஸ்தூர் ஆயுளில் அவ்வளவு வேகமாக மந்திரம் சொன்னதில்லை, அடுத்த மாடியிலிருந்து அவர் அப்பா, "ஒரு வரியை முழுங்கிட்டியே!" என்று கத்தினார். சம்மதமா என்று பொண்ணைக் கேட்டால் முதல் இரண்டு தடவை அவள் பேசாமல் இருக்கவேண்டும், கூட நிற்கிற பெண்கள் சாக்குச் சொல்லவேண்டும், அது வழக்கம்.

"சம்மதமா?"

"பொண்ணு தோப்புக்குப் பூப்பறிக்கப் போயிருக்கா!"

"சம்மதமா?"

"பொண்ணு சுவர் காயுதான்னு பார்க்கப் போயிருக்கா!"

"அடியே, சீக்கிரம் சொல்லித் தொலை, எனக்கு நேரமாகுது!" என்றாள் மாமியார்.

"சம்மதம்" என்றாள் மொர்வாரீத், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

கண்திருஷ்டி கழிய முட்டையை எடுத்து வீட்டுக்கு வெளியே எறிவார்கள். தீரந்தாஸ் எறிந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என் நெஞ்சில் வந்து உடைந்தது. ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

அவர் நாம்தார் காதில் ஒன்று சொன்னார், சொன்னது ஊருக்கே கேட்டது. "அங்கே அவ என் பெண்டாட்டி, அது எங்க பழைய முறை. இங்கே உன் பெண்டாட்டி. அதனால நீங்க ரெண்டு பேரும் அங்கே வர அவசரப்படாதீங்க." சூரியன் மண்சுவர்களுக்கு மேலே முனை காட்டியது. ஒவ்வொரு மாடியிலும் நெருப்பு ஒரு முழம் எழும்பி, பால் பொங்கித் தணிகிற மாதிரி தணிந்தது; அதற்குள் போய்விட்டிருந்தார்கள். கொஹர் கிழவி மட்டும் ஒரு கணம் பிந்தி, "சமோவாருக்கு ஈயம் பூசுடி!" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சில் தெருப்புழுதி லேசாக எழும்பி அடங்கியதைப் பார்த்தவன் நான்.

அதன்பிறகு அஞ்சுமன் கூடி ஒரு வழி செய்தது. பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் ஊர்வலத்துக்கும் புதுப் பஞ்சாங்கம். ஆடியில் ஒரு வாரம் மட்டும் எல்லா மாடியிலும் கரப்பான் பூச்சிக்குப் புகை. அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை என்று பேச்சு. மொர்வாரீத் அந்த வாரம் இரண்டு சட்டி வைக்கிறாள், ஒன்றில் ஏலக்காய் போட்டு, ஒன்றில் போடாமல். வேடிக்கை என்னவென்றால், ரொம்ப வெயிலாக இருக்கிற வருஷங்களில் சில வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே பெரியவர்களைக் கூப்பிட மறந்துவிடுகிறார்கள். கூப்பிடாவிட்டால்தானே நேரில் வருவார்கள், தயிர் புளிக்காமல் இருக்கும்!

முட்டை விழுந்த அந்தச் சட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. எத்தனை தடவை துவைத்தும் நெஞ்சுப் பக்கம் சில்லென்றுதான் இருக்கிறது, கத்திரி வெயிலில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன், தொட்டுப்பார்க்கவேண்டும் என்றால் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். சூடம் இன்னும் எரிகிறதா இல்லையா, நீங்களே பாருங்கள். ஆனால் ஒன்று. இதை வெளியே சொன்னால் வெயிலுக்குப் பயந்த ஊர்களெல்லாம் செத்தவர்களைக் கூப்பிடுவதையே நிறுத்திவிடும், அப்புறம் அந்த மேலே இருக்கிறவர்கள் யார் சொன்னது என்று விசாரித்துக்கொண்டு நேராக என் வாசலுக்குத்தான் வருவார்கள், முதலில் வருவது தடியோடு அந்தக் கிழவியாகத்தான் இருக்கும். யாராவது கேட்டால் கோவில்பட்டிப் பக்கம் போனதே இல்லை என்று சொல்லிவிடுங்கள், என்னைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.